நான் வேலை பழக்கிய பையனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம்: வேலையை விட்டுவிடலாமா?

நீங்கள் எழுதியதில் நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவை கணபதியில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் ஏழு மாசமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறீர்கள். மொத்தச் சம்பளம் 19,500. போன வருஷம் சேர்ந்த பையனுக்கு டேலியும் ஜிஎஸ்டியும் பழக்கிவிட்டதே நீங்கள்தான். இ.எஸ்.ஐ. (21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பட்டியல் போடும்போது அவன் பெயர் அதில் இல்லை என்பதைப் பார்த்து, அப்படியானால் அவன் சம்பளம் 21,000க்கு மேல் என்று உங்களுக்குப் புரிந்திருக்கிறது. கேட்டால் 22,500 என்று அவனே சொல்லிவிட்டான். இதற்கிடையில் மலுமிச்சம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனி 24,500 தருகிறேன் என்கிறது. தங்கை கல்யாணத்துக்கு முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸில் இன்னும் 32,000 பாக்கி. கஷ்டத்தில் கை கொடுத்தவரை விட்டுப் போகாதே என்கிறார் அம்மா. வேலையை விடலாமா, தீபாவளி போனஸ் வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "போனால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனா" என்று ஒன்று கேட்டிருக்கிறீர்களே, உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் வருகிறேன்.

நான் கோவையில் எஞ்சினியரிங் கம்பெனிகளில் பல வருஷம் சம்பளப் பிரிவைப் பார்த்துவிட்டு, இப்போது சிறு, நடுத்தர யூனிட்டுகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழிலாளர் சட்ட வேலைகளைச் செய்து கொடுக்கிறேன். ஆகவே சட்டம், கணக்கு, இந்த ஊர்க் கம்பெனிகளின் நடைமுறை ஆகியவற்றில் நான் சொல்வதை நம்பலாம். உங்கள் முதலாளி எப்படிப்பட்டவர், புதிய இடத்தில் மனிதர்கள் எப்படி என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த இடங்களில் நான் சொல்வது அனுபவத்தில் எழுந்த ஊகம்தான்.

சம்பளம் குறைவு என்பதும் மதிப்பில்லை என்பதும் உங்கள் மனதில் ஒரே மூட்டையாகக் கிடக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். முதலாவதை எண்ணிப் பார்த்துவிடலாம். இரண்டாவதை எண்ண முடியாது, அதற்கு வைத்தியமும் வேறு.

முதலில் அந்தப் பையன் விஷயம். அவனுக்கு அதிகம் கொடுத்தது உங்களை அவமானப்படுத்த அல்ல என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்வேன். புதிதாக ஆள் எடுக்கும்போது முதலாளி வெளியே விசாரிக்கிறார், 20,000க்குக் கீழே யாரும் வருவதில்லை, வேறு வழியில்லாமல் அன்றைய விலையைக் கொடுக்கிறார். உள்ளே இருப்பவருக்கோ அவர் சேர்ந்த வருஷத்துச் சம்பளத்தின் மேல் வருஷம் ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறுகிறது. ஒன்பது வருஷத்தில் வெளிவிலை உள்விலையைத் தாண்டிப் போய்விடும். பெரிய கம்பெனிகளில் இதைக் கண்காணிக்க எச்.ஆர். என்று ஒரு துறை இருக்கும். நம் ஊர் யூனிட்டுகளில் முதலாளியின் ஞாபகம்தான் எச்.ஆர். நீங்கள் 9,000க்குச் சேர்ந்தது அவர் மனதில் இன்னும் இருக்கும். "இரண்டு மடங்கு ஆக்கிவிட்டேனே" என்று அவர் உண்மையாகவே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அதற்காக உங்கள் வலி பொய் என்று ஆகாது. டேவிட் கார்டு உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள், சக ஊழியர்களின் சம்பளத்தைப் பார்க்கக்கூடிய ஒரு இணையதளம் இருப்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு மட்டும் தெரியப்படுத்தி, அப்புறம் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. தன் துறையில் நடுமட்டத்துக்குக் கீழே வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே வாங்குபவர்களுக்குச் சந்தோஷம் ஒன்றும் கூடவில்லை. ஆகவே பட்டியலைப் பார்த்த அன்றிலிருந்து மனது ஒட்டவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது பொறாமை இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகும். ஆனால் அந்தச் சூட்டோடு ராஜினாமா எழுத வேண்டாம்.

உங்கள் வெளிவிலை என்ன என்று பார்க்க அந்தப் பையன் சம்பளம் ஒரு சாட்சி, மலுமிச்சம்பட்டி ஆஃபர் இன்னொரு சாட்சி. இரண்டு போதாது. இன்னும் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். விசாரிக்கும்போது "அக்கவுண்டன்ட், ஒன்பது வருஷ அனுபவம்" என்று மட்டும் சொன்னால் 20,000தான் வரும். நீங்கள் செய்கிற வேலையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ஃபவுண்டரிக்கும் மெஷினிங்குக்கும் ஜாப் ஒர்க் அனுப்பிய பொருளுக்குச் சலான் கணக்கு வைத்து ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவம் போடுகிறீர்கள், ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு (சப்ளையர்கள் காட்டிய பில்களின் போர்ட்டல் பட்டியல்) கொள்முதலை ஒத்துப்பார்த்து விட்டுப்போன இன்புட் வரிக் கழிவைத் துரத்திப் பிடிக்கிறீர்கள், இ-இன்வாய்ஸ் போடுகிறீர்கள். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் கட்டாயமான பிறகு, இதைத் தப்பில்லாமல் செய்யத் தெரிந்த ஆளுக்குக் கோவையில் நல்ல கிராக்கி. நீங்கள் இதையெல்லாம் உங்கள் கேள்வியில் போகிற போக்கில், குறைபோலச் சொல்லியிருக்கிறீர்கள். வெளியே விலைபோகிற சரக்கே அதுதான்.

சரி, 24,500க்கு வருவோம். அது சி.டி.சி.யா (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு), கிராஸா (பிடித்தங்களுக்கு முன் உங்கள் மொத்தச் சம்பளம்) என்று கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அது இல்லை. இந்த ஒரு சொல்லில் மாசம் இரண்டாயிரம் போய்விடும். இப்போது உங்கள் சம்பளச் சீட்டில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 12,480 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 12 சதவீதம் பி.எஃப். 1,498, மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. 147, இரண்டும் போக (அட்வான்ஸ் பிடித்தத்தைக் கணக்கில் சேர்க்காமல்) கையில் 17,855. புதிய இடத்தில் 24,500 என்பது சி.டி.சி.யாக இருந்து, பாதி பேசிக் என்று வைத்தால், கம்பெனி பங்கு பி.எஃப். 1,470, கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) என்று 4.81 சதவீதம் 589, இரண்டையும் அதிலிருந்தே கழிப்பார்கள். மிச்சம் 22,441. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,470 போனால் கையில் 20,971. சில இடங்களில் போனஸையும் இன்சூரன்ஸ் பிரீமியத்தையும்கூட சி.டி.சி.க்குள் போட்டுவிடுவார்கள், அப்போது இன்னும் குறையும். ஆக 5,000 கூடுதல் என்று நீங்கள் நினைப்பது கைக்கு வரும்போது 3,100. இப்போது வேலைக்கு நடந்து போகிறீர்கள். கணபதியிலிருந்து மலுமிச்சம்பட்டி என்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. பைக்கில் போய்வர நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோல், மாசம் 26 நாள். மிச்சத்தை நீங்களே கழித்துப் பாருங்கள், உங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே 24,500 கிராஸாக இருந்தால் கையில் 23,030, அப்போது பேச்சே வேறு. தொழில் வரியை இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை.

இன்னொன்று, இதை யாரும் சொல்லமாட்டார்கள். 21,000 தாண்டி வேறு கம்பெனியில் சேர்ந்தால் நீங்கள் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வாங்குவதாகவும், போன வருஷம் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் நீங்கள் கட்டுவது மாசம் 147 ரூபாய். வெளியே அம்மாவுக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குச் சில பாலிசிகளில் மூன்று வருஷம்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். புதிய கம்பெனியில் குரூப் இன்சூரன்ஸ் உண்டா, அதில் பெற்றோரைச் சேர்ப்பார்களா என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பிரீமியத்தையும் மாத்திரைச் செலவையும் மேலே சொன்ன கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு ஆறுதல்: வேலையை விட்ட அன்றே இ.எஸ்.ஐ. அறுந்துவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரையும் பலன் உண்டு, அந்த அரையாண்டில் 78 நாளாவது கட்டியிருந்தால். கிளை அலுவலகத்தில் உங்கள் இன்சூரன்ஸ் நம்பரைக் கொடுத்து எந்தத் தேதி வரை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மதிப்பில்லை என்ற விஷயம். நீங்கள் எழுதியதிலேயே எனக்கு உறைத்த இடம் இது: ஏழாம் தேதி டி.டி.எஸ்., பதினொன்றாம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, பதினைந்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., இருபதில் 3பி என்ற மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஒன்பது வருஷமாக ஒரு தேதியும் தவறவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன மார்ச்சில் போர்ட்டல் தொங்கி ஒரு நாள் தள்ளிப்போனதற்கு எல்லார் முன்னாலும் ஏச்சு. அக்கவுண்ட்ஸ் வேலையின் சாபமே இது. ஒழுங்காக நடந்தால் கண்ணுக்குத் தெரியாது, தவறினால் மட்டும் தெரியும். விற்பனைப் பிரிவில் இருப்பவன் ஒரு ஆர்டர் பிடித்தால் லட்டு வாங்குவார்கள். அபராதம் வராமல் வருஷம் முழுக்கக் காத்ததற்கு யாரும் லட்டு வாங்குவதில்லை. புதிய கம்பெனியிலும் இப்படித்தான் இருக்கும் என்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே மதிப்புக்காக மட்டும் இடம் மாறினால், ஆறு மாசத்தில் அதே குறை அங்கேயும் முளைக்கும் என்பது என் பயம்.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர் 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் இருநூறு எஞ்சினியர்களையும் அக்கவுண்டன்ட்களையும் கேட்டறிந்து ஒன்று சொன்னார். சம்பளம், மேலாளர் நடத்தும் விதம் போன்றவை குறைந்தால் மனிதனுக்குக் கசப்பு வரும். அவற்றைச் சரிசெய்தால் கசப்பு போகும், உற்சாகம் வந்துவிடாது. உற்சாகம் வருவது அங்கீகாரத்தாலும் வேலையில் வளர்ச்சியாலும். அவர் கேட்ட முறையில் ஓட்டை இருக்கிறது என்று பின்னால் பலர் சொன்னார்கள். நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் கம்பெனியால் என்று சொல்வது மனித சுபாவம், அதையே அவர் கொள்கையாக்கிவிட்டார் என்று. அந்த ஆட்சேபம் சரியாகவே படுகிறது எனக்கு. ஆனாலும் சம்பளம் கூட்டிக் கேட்டு வாங்கியவர்கள், அப்புறமும் முகம் தெளியாமல் உட்கார்ந்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் முதலாளி நாளைக்கே 24,000 ஆக்கினால் அந்த மார்ச் மாச ஏச்சு மறந்துவிடுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மறந்துவிடும் என்றால் உங்கள் பிரச்சினை சம்பளம்தான். மறக்காது என்றால் கூட்டிக் கொடுத்தாலும் போகத்தான் வேண்டியிருக்கும்.

போவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி. ஒன்பது வருஷத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை என்கிறீர்கள். கேட்காதவனுக்குக் குறை இல்லை என்றுதான் முதலாளிகள் எடுத்துக்கொள்வார்கள். மாசம் இருபதுக்குப் பிறகு, 3பி போட்டு முடித்த மறுநாள், அவர் கொஞ்சம் நிதானமாக இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். பையனின் சம்பளத்தை எடுக்காதீர்கள். எடுத்த நிமிஷத்தில் பேச்சு "உனக்கு யார் சொன்னது" என்று திரும்பிவிடும், அவனுக்கும் ஆபத்து. "அண்ணா, என் வேலைக்கு வெளியே 24,000 வரைக்கும் தருகிறார்கள். எனக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை. அடுத்த மாசச் சம்பளத்திலிருந்து 24,000 ஆக்கித் தர முடியுமா?" இவ்வளவு போதும். தொகையையும் தேதியையும் சொல்லுங்கள். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று கேட்டால் ஆயிரம் ரூபாய் பார்த்துச் செய்வார். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

"தீபாவளிக்குப் பார்க்கலாம்" என்று சொன்னால் எந்த மாசத்திலிருந்து, எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் அது மறுப்புதான். ஆஃபர் லெட்டரைக் காட்டி மிரட்டுவதை நான் விரும்புவதில்லை, உண்மையில் போகத் தயாராக இருந்தால் தவிர. அதைக் காட்டிச் சம்பளம் வாங்கியவரை "போகிற ஆள்" என்று மனதுக்குள் குறித்து வைத்துக்கொள்ளும் முதலாளிகள் உண்டு. அப்படியெல்லாம் நினைக்காதவர்களும் உண்டு. உங்கள் முதலாளி எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனா என்ற கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிராஜுவிட்டி என்பது கடைசியாக வாங்கிய பேசிக், டி.ஏ.வை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருஷங்களால் பெருக்குவது. கடைசி வருஷத்தில் ஆறு மாசத்துக்கு மேல் ஓடியிருந்தால் அதை முழு வருஷமாக எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு ஒன்பது வருஷம் ஏழு மாசம் என்பதால் பத்து. 12,480ஐ 26ஆல் வகுத்தால் 480, அதை 15ஆல் பெருக்கினால் 7,200, பத்து வருஷத்துக்கு 72,000. நீங்கள் அவருக்குத் தர வேண்டியது 32,000. நீங்கள் அந்தக் கம்பெனிக்குக் கடன்பட்டிருப்பதாக நினைத்துக் குனிந்து நடக்கிறீர்கள். கணக்குப்படி அந்தக் கம்பெனி உங்களுக்குத்தான் 40,000 தர வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு அவர் கொடுத்தது பெரிய உதவி, அதை மறக்க வேண்டாம். அதை மாசம் 2,000 வீதம் உங்கள் உழைப்பிலிருந்துதான் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் நின்று வேலை செய்யலாம். அதற்கு அவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்த 32,000ஐ கிராஜுவிட்டியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். முடிந்தால் தனியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். முடியாது என்றால் எவ்வளவு கழிக்கச் சம்மதிக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கிராஜுவிட்டியை முழுதாக நிறுத்திவைக்கச் சட்டத்தில் இருக்கும் காரணங்கள் மிகச் சில: வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் ஆகியவற்றுக்காக வேலையை விட்டு நீக்கப்பட்டது போன்றவை. ராஜினாமா செய்தவருக்கு அது பொருந்தாது. 1972ஆம் வருஷச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனால் நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும் என்பதும் இந்த 15/26 கணக்கும் அப்படியேதான். புதிதாக வந்தது, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் மிச்சத்தைச் சம்பளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. உங்களுக்கு பேசிக், டி.ஏ.வே பாதிக்கு மேல் இருப்பதால் இதனால் மாற்றமில்லை. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென இருக்கும் அதிகாரியிடம் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். பெரும்பாலும் அந்த மனுவின் நகல் கம்பெனிக்குப் போனதும் செக் வந்துவிடும். கடைசி மாசச் சம்பளத்தை ராஜினாமா செய்த இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்றும் இப்போது சட்டம் சொல்கிறது. நடப்பில் முப்பது, நாற்பத்தைந்து நாள் இழுக்கிறார்கள், அந்தச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

போனஸுக்காகத் தீபாவளி வரை காத்திருப்பது நம் ஊரில் எல்லாரும் செய்வது. அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன் போனால் போனஸ் போய்விடும் என்பது சட்டப்படி சரியல்ல. அந்தக் கணக்கு வருஷத்தில் முப்பது வேலை நாளாவது வேலை பார்த்திருந்தால், பார்த்த நாட்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் உண்டு, ராஜினாமா செய்திருந்தாலும். ஆனால் சட்டப்படி வரும் தொகைக்கு மேலே முதலாளி பிரியப்பட்டுத் தரும் கவர் இருக்கிறதே, அது வெளியே போனவருக்கு வராது. அந்த வித்தியாசம் உங்கள் கம்பெனியில் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐயாயிரம் என்றால் அதற்காக ஒரு நல்ல ஆஃபரை விடவேண்டாம்.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். புதிய கம்பெனியில் அதே யு.ஏ.என். நம்பரைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், அதிலும் ஆறு மாசத்துக்கு மேல் ஓடியதை முழு வருஷமாக எடுத்துக்கொள்வதால் உங்கள் ஒன்பது வருஷம் ஏழு மாசம் பத்தாகவே எண்ணப்படும். பத்து ஆகிவிட்ட பிறகு, கைச்செலவுக்கு என்று 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்கவும் முடியாது. பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாசத்திலிருந்து இரண்டு மாசம் கழித்து நீங்களே போர்ட்டலில் பதியலாம்.

புதிய கம்பெனியைப் பற்றி விசாரிக்க அங்கே வேலை பார்ப்பவரைத் தேடுவதற்கு முன், உங்கள் கையில் இருக்கும் வித்தையைப் பயன்படுத்துங்கள். அவர்கள் ஜிஎஸ்டி நம்பரைப் போர்ட்டலில் போட்டால் 3பி எந்தெந்தத் தேதியில் போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். ஒவ்வொரு மாசமும் இருபதைத் தாண்டிப் பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான் போட்டிருந்தால் கையில் காசில்லாத கம்பெனி, சம்பளமும் அப்படித்தான் வரும். இ.பி.எஃப்.ஓ. தளத்திலும் கம்பெனி பெயரைத் தேடி, மாசாமாசம் எத்தனை பேருக்கு, எப்போது பி.எஃப். கட்டினார்கள் என்று பார்க்கலாம். ஆள் எண்ணிக்கை ஒரு வருஷத்தில் 80லிருந்து 50 ஆகியிருந்தால் காரணம் கேட்காமல் சேராதீர்கள்.

ராஜினாமாவை ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும், வாய்வார்த்தையை நம்பி அல்ல. கடிதத்தில் குறை எதுவும் எழுதாதீர்கள். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், கடைசி நாள் இது, அவ்வளவுதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் போட்டிருக்கும் நோட்டீஸ் காலத்தை முழுதாக முடியுங்கள். பாண்ட் (இத்தனை வருஷத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) ஏதும் இல்லை என்கிறீர்கள், நல்லது. இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பாண்ட் எதுவுமே செல்லாது என்று பொதுவாகப் பேசிக்கொள்வது சரியல்ல. 2025 மே மாசம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அரசு வங்கியின் ஆள் தேர்வுச் செலவை வைத்துச் சொன்னது. சிறு தனியார் கம்பெனிகளுக்கு அதை அப்படியே நீட்ட முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு விஷயம், சிறு கம்பெனி அக்கவுண்டன்ட்களுக்கு மட்டும். ஜிஎஸ்டி, வருமான வரி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. போர்ட்டல்களில் யாருடைய மொபைல் நம்பர், யாருடைய மெயில் பதிவாகியிருக்கிறது? பத்துக்கு ஏழு இடத்தில் அக்கவுண்டன்டின் சொந்த நம்பராகத்தான் இருக்கும். நோட்டீஸ் காலம் தொடங்கிய முதல் வாரமே அதையெல்லாம் முதலாளி பெயருக்கோ கம்பெனி நம்பருக்கோ மாற்றிவிடுங்கள். மாற்றாமல் போனால் புதிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய கம்பெனிக்கு ஓ.டி.பி. சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பின்னால் ஏதாவது தப்பாகப் போட்டால் "உன் நம்பருக்குத்தானே வந்தது" என்று பேச்சு வரும். முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், செக் புத்தகம், டேலி பேக்கப், ஜாப் ஒர்க் சலான் ஃபைல் என்று ஒரு பட்டியல் எழுதி, வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் கடைசி நாளன்றே கேளுங்கள், கடைசி பன்னிரண்டு மாசச் சம்பளச் சீட்டுகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த மாசம் 3பி முடிந்ததும் முதலாளியிடம் பேசுங்கள், ஒரு சம்பளத் தேதி வரை பாருங்கள், நகரவில்லை என்றால் கிளம்புங்கள். கிளம்புவது மலுமிச்சம்பட்டிக்கா என்பதில் மட்டும் எனக்கு உறுதியில்லை. 24,500 சி.டி.சி. என்றால் அம்மாவின் மருந்தையும் பெட்ரோலையும் வைத்துப் பார்க்கும்போது அதை விட்டுவிட்டு, இந்தப் பக்கமே பீளமேடு, சரவணம்பட்டி வட்டாரத்தில் இன்னும் இரண்டு மாசம் தேடச் சொல்வேன். அவர்கள் அனுப்பிய மெயிலில் சம்பளப் பிரிவுகளை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதுங்கள், பெற்றோருக்கு இன்சூரன்ஸ் உண்டா என்பதையும் சேர்த்து. கைக்கு என்ன வரும் என்று போட்டுத் தருகிறேன்.